யாருக்கும் சொல்லக் கூடாத நம்பர்

இந்த பஸ் ஐந்து மணிக்குள் மணப்பாறைக்குப் போய்விடுமா தங்கச்சி? கண்டக்டரிடம் கேட்டேன். "போகும்மா, உக்காரும்மா" என்றார். அந்த மனுஷன் எல்லாருக்கும் அதையேதான் சொல்கிறார். பழநிக்குப் போகுமா என்று கேட்டிருந்தாலும் போகும், உட்கார் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களாம். என் போன் இதோ, இடுப்பில் செருகியிருக்கிற சுருக்குப் பையில் இருக்கிறது. கேட்கிறதா? மறுபடியும் அடிக்கிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறினதிலிருந்து இது ஏழாவது தடவை. எடுக்க மாட்டேன். நீங்களும் இந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். உங்களைப் பார்த்தால் நல்ல வீட்டுப் பெண்ணாகத்தான் தெரிகிறது. கழுத்தில் அட்டை வேறு மாட்டியிருக்கிறீர்கள். ஆனால் அட்டையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்த போலீஸ் அம்மா சொன்னார்கள்.

நின்றுவிட்டது. இனி ஐந்து நிமிஷம் அடிக்காது. அதற்கப்புறம் ஒரு மெசேஜ் வரும். அதில் ஆறு எண் இருக்கும். அதற்கப்புறம் மறுபடியும் அடிக்கும். இரண்டரை மணியிலிருந்து இதே கதைதான். என் கையைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் மாதிரி இல்லை?

சொல்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இன்றைக்கு என் நாத்தனாருடைய மாமியாருக்குப் பதினாறாம் நாள். திண்டுக்கல்லில். கருமாதிக்குப் போகாமல் இருக்க முடியுமா? சாப்பிட்டு, இலை எடுத்து, கை கழுவிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

"அம்மா, நான் கோபிகா பேசுறேன். இப்ப உன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும். அதச் சொல்லு, சீக்கிரம்."

கோபிகா என் மகள். ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். குரல் அவள் குரல்தான். ஆனால் போன் நம்பர் அவளுடையது இல்லை. அவளுக்கு ஏது நம்பர்? வீட்டுக்கே ஒரு போன்தான். அது என் இடுப்பில் இருக்கிறது. அப்படியென்றால் பேசினது யார்?

"நீ எங்கடி இருக்க?" என்றேன்.

"கடையிலம்மா. அதெல்லாம் அப்புறம் சொல்றேன். நம்பரச் சொல்லு."

பின்னால் ஒரு ஆம்பளைக் குரல். "டைம் போகுது பாப்பா, டைம் போகுது" என்று. அவ்வளவுதான். போனை வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அழுகிற குரல். "அம்மா, ப்ளீஸ்ம்மா" என்று. அதையும் வைத்துவிட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பெற்ற மகள் அழும்போது வைக்கலாமா என்றுதானே? அழுகை வந்ததால்தான் வைத்தேன். அந்தப் போலீஸ் அம்மா அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

பொங்கல் முடிந்து, அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். சைபர் போலீஸ் என்று ஒரு அம்மா வந்திருந்தார்கள். எங்களையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்து, திரையில் படம் போட்டு விளக்கினார்கள். "இப்பல்லாம் ஒங்க பிள்ளையோட குரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சிடுறாங்க. அச்சு அசல் அதே குரல். அழும். அம்மா காப்பாத்துன்னு கத்தும். ஒடனே ஒரு நம்பர் கேக்கும். பெத்த பிள்ளையே கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீங்க" என்றார்கள். ஒரு அப்பா அப்படி ஏமாந்ததைப் படமாகவே காட்டினார்கள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. நடுவிலேயே எழுந்து பாத்ரூம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே கூட்டத்தில்தான் ஜெசிந்தா டீச்சரும் பேசினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காலேஜுக்குத் தயார்பண்ணுகிற டீச்சர் அவர்கள். ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு செல் நம்பர் எழுதி வாங்கினார்கள். "பரீட்சை முடிஞ்சு கவுன்சலிங் முடியிற வரைக்கும் இந்த நம்பர மாத்தக் கூடாது. இந்த போன் தொலையக் கூடாது. இதுலதான் ஒங்க பிள்ளையோட எதிர்காலமே இருக்கு" என்றார்கள். எதிர்காலம் இருக்கிற பொருளை யாராவது வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்களா? அன்றிலிருந்து இது என் இடுப்பைவிட்டு இறங்கினதில்லை. முறுக்குக் கம்பெனியில் பாக்கெட் போடும்போதும் இடுப்பில்தான். குளிக்கப் போனால் கதவுக்குப் பின்னால் ஆணியில். ராத்திரி பயத்தில் இரண்டு தரம் எழுந்து தடவிப் பார்ப்பேன்.

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே செய்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

வீட்டுக்காரரா? அவர் போர் வண்டியில் டிரைவர். சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ காட்டுக்குள் குழாய்க் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார். டவர் கிடைத்தால் பேசுவார். இன்றைக்குக் கிடைக்கவில்லை. ஜெசிந்தா டீச்சருக்குப் போட்டேன். அவர்கள் அம்மாவுக்கு ஆபரேஷன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குப் போட்டேன். "கோபிகாவா? காலையிலேயே பையத் தூக்கிக்கிட்டு வெளிய போனாளே அக்கா" என்றாள். மகளையும் தூக்கிக்கொண்டு போய், மகள் குரலிலேயே நம்பரும் கேட்கிறார்களா? நாத்தனாரிடம்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இது என்ன ஊர், வடமதுரையா? இன்னும் வடமதுரைதானா?

கோபிகா ரொம்பச் சாது. வெளி ஆளிடம் குரல் உயர்த்திப் பேசமாட்டாள். என்னிடம் மட்டும் கோபம் வரும். கோபம் தலைக்கேறிவிட்டால் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "தவமணி, சும்மா இருக்க மாட்டியா?" என்பாள். நாலு வயசிலிருந்து அந்தப் பழக்கம். அவள் அப்பா சிரித்துச் சிரித்து வளர்த்துவிட்டார். வெளியே யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பத்தாவது முடித்தபோதே நான் சொன்னேன். தையல் படி, டைப் படி, பக்கத்திலேயே ஏதாவது கிடைக்கும். ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "கணக்குல தொண்ணூத்தாறு வாங்குன பிள்ளைய நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். திருடிவிட்டேன் என்கிற மாதிரி. நான் காபி போடப் போய்விட்டேன். காபியோடு வந்து பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து முதல் குரூப் என்று பாரத்தில் எழுதிவிட்டார்கள்.

அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை தனி வகுப்பு. பாடம் இல்லை. காலேஜுக்கு எப்படி விண்ணப்பம் போடுவது, ஈமெயில் எப்படித் திறப்பது, ஆள் முன்னால் எப்படி நின்று பேசுவது. ஒரு நாள் திருச்சியில் ஒரு காலேஜைக் காட்டுகிறோம் என்று நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். நான் பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிட்டேன். வாட்ச்மேன் சொல்கிறார், "ஏம்மா, பிள்ளைங்க இப்பத்தான் அந்தக் காலேஜ் வாசல்ல எறங்கியிருக்கும். அதுக்குள்ள கூட்டிட்டுப் போக வந்துட்டியே!" ஏழு மணிக்குத்தான் வந்தார்கள். அவள் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள். அங்கே ஒரு கூடம் இருந்ததாம். ஒரு மெஷினுக்குள் ரொட்டியை வைத்தால் அது எத்தனை நாளில் கெடும் என்று சொல்லிவிடுமாம். அன்றைக்கு ராத்திரி முழுக்க அதே பேச்சு. உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்றாள்.

கம்பெனியில் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் பரமேஸ்வரி வாயில் விழுந்தால் தப்ப முடியுமா? "என்ன தவமணி, ஒம் மக நாலு வருஷம் படிச்சுப்புட்டு நம்ம முறுக்குல எத்தன சுத்து இருக்குன்னு எண்ணப் போறாளாமே?" எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். கோபிகா தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "நாப்பது நாள்ல அந்த முறுக்கு ஏன் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்குதுன்னு அவங்களக் கேளு. அதத்தான் படிக்கப் போறேன்" என்றாள். நான் மறுநாள் கேட்கவில்லை. நமக்கு எதற்கு வம்பு?

டீச்சர் ஒரு தாள் கொடுத்தார்கள். பன்னிரண்டு கேள்வி. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். வீட்டில் யாராவது கேட்க வேண்டும், பிள்ளை நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான்தான். ஆறு மாசம் கேட்டேன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன், அவள் பீரோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். உன்னைப் பற்றிச் சொல். ஏன் இந்தப் படிப்பு? உன் பலம் என்ன? உன் பலவீனம் என்ன? அவள் இங்கிலீஷில் சொன்னது எனக்கே மனப்பாடம். அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்தப் பலவீனத்துக்கு டீச்சர் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நான் எதையும் மிகவும் கவனமாகச் செய்வேன், அதனால் கொஞ்சம் நேரமாகும்." இது பலவீனமா, நீங்களே சொல்லுங்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டில் பெருமை சொல்கிற மாதிரி இருக்கிறது. "நெஜத்தச் சொல்லுடி" என்பேன். "நெஜத்தச் சொன்னா சீட்டு குடுக்க மாட்டாங்கம்மா" என்பாள்.

ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்று ஒரு கேள்வி. அது எட்டாவது கேள்வி. அதை மட்டும் நான் பாதி நாள் கேட்காமல் விட்டுவிடுவேன். அவளும் ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டாள்.

நானா? நான் எட்டாவது. எங்கள் ஊரில் அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. ஒன்பதாவதுக்கு பஸ்ஸில் போக வேண்டும். அந்தக் காலத்தில் பஸ் ஏது? அதனால்தான் நின்றுபோச்சு. எங்கள் அய்யா படிக்கவைக்கத்தான் நினைத்தார். டி.சி.கூட வாங்கிவிட்டார். எட்டு பத்துக்கு ஒரு பஸ் வரும், கும்பல் என்றால் அப்படி ஒரு கும்பல். முதல் நாள் ஏறினேன். ஏறினதும் கதவைச் சாத்தினார்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வயல் வழியாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். அப்புறம் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அந்தக் கண்டக்டர் ஒரு வாரம் வரைக்கும் எங்கள் வீட்டு முன்னால் பஸ்ஸை மெதுவாக்கி, "வரலையா பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பஸ் வசதி இருந்திருந்தால் நானும் ஏதாவது ஆகியிருப்பேன்.

என்ன? பஸ் இருந்ததே என்கிறீர்களா? இருந்தது, ஒன்றே ஒன்று. அதை ஒரு பஸ் என்று சொல்ல முடியுமா?

மெசேஜ் வந்துவிட்டது பாருங்கள். சொன்னேன் இல்லையா? இந்தத் தடவையும் ஆறு எண். மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது. ஊஹும், காட்டமாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங்குக்குக் காலேஜ் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் இடத்தில் கோயம்புத்தூர் காலேஜை எழுதியிருந்தாள். திருச்சி எட்டாவது இடத்தில். "திருச்சிய மேல போடுடி, தினம் போயிட்டு வரலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "திருச்சியில அந்தப் படிப்பு நல்லா இல்லம்மா" என்றாள். நேற்றுத்தான் வந்தது. முதலில் எழுதினதே கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர். விடுதியில்தான் தங்க வேண்டும். அவள் குதித்தாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சாமிக்கு விளக்கு ஏற்றினேன். தீக்குச்சி நாலு அணைந்துவிட்டது, நமத்துப்போயிருந்தது.

ஐயோ, என்ன இது? ஏன் நிறுத்துகிறார்கள்? இன்னும் அய்யலூரே தாண்டவில்லையே!

பஞ்சரா? டயர் பஞ்சரா?

இறங்கச் சொல்கிறார்கள். மாத்து டயர் இல்லையாம். பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம். "எப்ப சார் வரும்?" என்றால், "வரும்மா, நில்லும்மா" என்கிறார். இந்த ஆளைப் பற்றி நான் அப்போதே சொன்னேன். இப்படி இந்தப் புளியமரத்து நிழலுக்கு வாருங்கள். மணி என்ன? நாலு பத்தா? என் தெய்வமே.

ஆமாம், ஐந்து மணிக்குள் போக வேண்டும் என்று கேட்டேன். ஐந்து மணிக்கு என்ன என்கிறீர்களா? அதுவா? அது... சீட்டு கிடைத்தவர்கள் இன்றைக்கு ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் சம்மதம் என்று அழுத்த வேண்டுமாம். அழுத்தாவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். கோபிகா நேற்றே சொன்னாள். "டீச்சர் ஊர்ல இல்ல, நான் ரஃபீக் அண்ணன் நெட் கடைக்குப் போய் அழுத்திடுறேன். நாளைக்கு நீ எங்கயும் போகாத" என்றாள். நான்தான் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேனே என்றேன். காலையில் கிளம்பும்போது, "போனையாவது வச்சிட்டுப் போம்மா" என்றாள். எப்படி வைப்பது? டீச்சர் சொன்னது அவளுக்கும் தெரியும்தானே?

இல்லை, கருமாதிக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? அந்தக் கிழவிக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை, அது வேறு. துக்க வீட்டுக்கே நான் போகவில்லை, அதுவும் வேறு. அதற்காகக் கருமாதிக்கும் போகாமல் இருந்துவிட முடியுமா?

ஏன் தங்கச்சி என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள், மெதுவாக.

சம்மதம் என்று அழுத்துவதற்கு முன்னால் ஒரு நம்பர் கேட்குமா? அந்த நம்பர் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த போனுக்குத்தான் வருமா?

அப்படியென்றால் அந்த ஆம்பளைக் குரல்... டைம் போகுது பாப்பா என்றது... ரஃபீக்கா? ரஃபீக் தங்கமான பிள்ளை.

இருங்கள். இருங்கள். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்? பேங்கிலா? ஐயையோ. பேங்க் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்களாம். அந்தப் போலீஸ் அம்மா இரண்டு தரம் சொன்னார்கள். அட்டையைக் காட்டுங்கள். போட்டோ உங்களை மாதிரிதான் இருக்கிறது. கொஞ்சம் குண்டாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்ததா? சரி.

பயமாக இருக்கிறது தங்கச்சி. நீங்கள் சொல்வது நிஜமாக இருந்தால் நான் என் மகளுடைய குரலையே நம்பாமல் இத்தனை தடவை துண்டித்திருக்கிறேன். நிஜமாக இல்லாவிட்டால், அவள் எங்கே இருக்கிறாளோ. இரண்டில் எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. சொல்லாவிட்டால் சீட்டு போகும். சொன்னால்...

சொன்னாலும் போகும். அவள் போய்விடுவாள்.

ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. லாரி போகிறது இல்லையா?

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்கிறீர்களா? அந்தப் போலீஸ் அம்மாவும் இதைத்தான் கடைசியில் சொல்லியிருப்பார்களோ? நான்தான் பாத்ரூமில் இருந்தேனே. அதற்குத்தான் கை தட்டினார்களோ என்னவோ. எதைக் கேட்பது? பிறந்த நாள், அப்பா பெயர் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியும்.

மணி? நாலு முப்பத்தெட்டு. அடிக்கிறது. அதே நம்பர். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கையை விடாதீர்கள். எடுக்கிறேன்.

ஹலோ... யாரு?... இரு. அழாத. அழுதா நான் வச்சிருவேன். நம்பரெல்லாம் அப்புறம். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. உன்னைப் பற்றிச் சொல்... ஆமா, இப்பத்தான். ரோட்டுலதான். சொல்லு.

சொல்கிறது தங்கச்சி. இங்கிலீஷில். ராகம் அதேதான். ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. ஆனால் அந்தத் தாள் நாற்பது பிள்ளைகளிடமும் இருக்கிறதே. திருடனுக்கும் கிடைத்திருக்கலாமே?

ஹலோ. நாலாவது கேள்வி. உன் பலவீனம் என்ன?... அது டீச்சர் எழுதுனது. அது வேணாம். நெஜத்தச் சொல்லு.

மூச்சு மட்டும் கேட்கிறது. திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துபோய்...

ம்.

ம். சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

...

உங்களுக்கும் கேட்டதா? கேட்காமலா இருக்கும்? கண்டக்டரே திரும்பிப் பார்க்கிறார். "நீதாம்மா என் பலவீனம்" என்கிறாள். "நீ பயந்து பயந்து எனக்கும் எதத் தொட்டாலும் பயம். பரீட்சை ஹால்ல மொத நாள் ரெண்டு பக்கம் எழுதவே முடியல. உன்கிட்ட சொல்லல, சொன்னா நீ இன்னும் பயப்படுவ. கோயம்புத்தூர் வேணாம்னு நேத்து ராத்திரி நானே மூணு தடவ நெனச்சேன், நீ அடுப்படியில நின்னு அழுததப் பாத்துட்டு. ஆனா நான் போவேன். எனக்குப் போகணும். இப்ப நம்பரச் சொல்லு தவமணி!"

தவமணி என்றாள். நடு ரோட்டில், ரஃபீக் முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். என் மகள்தான். எந்தக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு வாய் வரும்?

நான் அடுப்படியில் அழுதது அவளுக்கு எப்படித் தெரியும்? வெங்காயம் என்றுதானே சொன்னேன்.

கோபிகா, வச்சிராத. இருக்கேன்டி. புதுசா அனுப்பச் சொல்லு, பழசு செல்லாதாம், இந்தத் தங்கச்சி சொல்றாங்க. அனுப்பிட்டாரா? வந்துருச்சு. இரு, எழுத்து கலங்குது. கண்ணத் தொடச்சிக்கிறேன்.

தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் நான் எடுத்தே இருக்கமாட்டேன், அதை மறக்கமாட்டேன். ஆனால் நம்பர் நம்பர்தான். காதையும் பொத்திக்கொள்ளுங்கள். இன்னும் நன்றாக. ம், அப்படி.

கோபிகா, கேளு. ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

...

திரும்பலாம் தங்கச்சி. சொல்லிவிட்டேன். ஆறும் சொல்லிவிட்டேன். நாலாவது எண்ணில் நிறுத்திவிட்டேன். "சொல்லும்மா" என்றாள், சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டே இரு என்கிறாள். சக்கரம் மாதிரி ஏதோ சுற்றுகிறதாம். மணி நாலு நாற்பத்தொன்பது. இன்னும் சுத்துதா கோபிகா? சுத்தட்டும், சுத்தட்டும்.

என்னடி சத்தம் அங்க? யாரு கத்துறா? ரஃபீக்கா?

இந்தாருங்கள், இன்னொரு மெசேஜ் வந்திருக்கிறது. இதில் நம்பர் இல்லை, நானே பார்த்துவிட்டேன். பாதி இங்கிலீஷ். நீங்களே கையில் வாங்கிப் படியுங்கள். பரவாயில்லை, பிடியுங்கள். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

உறுதி செய்யப்பட்டது என்றா போட்டிருக்கிறது? கீழே என்ன? கோயம்புத்தூரா? சரியாகப் பாருங்கள். சரி. கொடுங்கள்.

பஸ் வந்துவிட்டது. எவ்வளவு கும்பல் பாருங்கள், படி வரைக்கும் தொங்குகிறார்கள். நீங்கள் முன்னால் ஏறுங்கள் தங்கச்சி. நான் வருகிறேன். இல்லை, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம், இதிலேயே ஏறிவிடுகிறேன். கையைக் கொடுங்கள்.

மணப்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? நடுவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டுமா? அவளைச் சேர்க்கும்போது நான் போக வேண்டியிருக்கும். அப்புறம் திரும்பித் தனியாக வரவேண்டும்.

தங்கச்சி, ஒன்று கேட்கவேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள். நான் சொன்ன நம்பர் உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.